சாவு வீட்டுக் காபியும் என் மகளின் ஞானஸ்நானமும்

1

இந்த வாரம் ஊரில் அசனம். காலையில் எழுந்து பார்த்தால் தங்கை அனுப்பிய படங்கள் கைபேசியில் குவிந்து கிடக்கின்றன. கோயில் முன்னால் பந்தல். அடுப்புகளின்மேல் அண்டாக்கள். புதுப்பாயில் மலைபோலக் கொட்டிய சோறு, அதன் பக்கத்தில் கண்மூடி ஜெபிக்கும் ஐயர். எங்கள் பக்கத்தில் ஆலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். கடைசிப் படத்தில் என் அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு நின்று கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அசனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்தில் ஒரு நாள் சபையார் எல்லாரும் அரிசி, பருப்பு, விறகு, தேங்காய் என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்து, கோயில் வளாகத்திலேயே சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. சபையார் மட்டும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த தெரு இந்துக்கள் வருவார்கள். எங்களிடம் ஆடு வாங்கும் கடையநல்லூர் பாய் தன் பேரனோடு வருவார். வழியில் போகிற ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் இலை போடுவார்கள். நீ யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் இருப்பது வட ஜெர்மனியில் ஒரு சிற்றூரில். சங்கரன்கோவிலுக்கும் பனவடலிசத்திரத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து இங்கே வந்தேன். அம்மா விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போவாள். பூ சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போகும். அப்பா ஆடு மேய்ப்பவர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சபை நடத்திய பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தேன், செவிலியர் பட்டம் வாங்கினேன், ஜெர்மன் மொழித் தேர்வை முதல் முறையிலேயே தாண்டினேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் இதற்காக உழைத்தேன்.

ஆனால் விடுதியில் வளர்ந்தவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்ற வருடங்கள் போதும், இனி யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடு என் மகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்த ஊருக்கு வந்த புதிதில் நகர அலுவலகத்தில் பதிவு செய்யப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் மதம் எது என்று கேட்டார். கிறிஸ்தவள், புராட்டஸ்டண்ட் சபை என்று நிமிர்ந்து சொன்னேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அடுத்த மாதச் சம்பளத்தில் கோயில் வரி பிடித்திருந்தார்கள். அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோயில் வரியை சர்க்காரா பிடிக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் ஊரில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வாசலில் வந்து நின்று, மாட்டுக்குச் சினை பிடித்ததா என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் காணிக்கையை வாங்குவார். இங்கே யாரும் வாசலுக்கு வருவதில்லை. பொத்தானோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவேன். அந்தக் கோயிலில் எங்கள் கிராமம் முழுவதையும் உட்கார வைக்கலாம். உட்கார்ந்திருப்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்த தலைகள். ஒருவருக்கொருவர் நடுவில் இரண்டு வரிசை காலி. என்னைப் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பார்கள். முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இங்கே வந்து நான் முதலில் இழந்தது முறை சொல்லிக் கூப்பிடுவதைத்தான். ஊர்க் கோயிலில் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமே கிடையாது. அக்கா, மதினி, சித்தி, பெரியப்பா, அவ்வளவுதான். இங்கே எல்லாரும் திருமதி இன்னார், திரு இன்னார். ஆஸ்பத்திரியில் மட்டும் வயதான நோயாளிகள் என்னைச் சகோதரி என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் அப்படி ஒருவர் கூப்பிட்டதும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அது செவிலியர் வேலைக்கு இங்கே உள்ள பழைய பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். பரமண்டல ஜெபம் வரும்போது அவர்கள் ஜெர்மனில் சொல்ல, நான் வாய்க்குள் தமிழில் சொல்வேன். ஒரு ஞாயிறு திடீரென்று கவனித்தேன், அந்த ஜெபத்தில் நான் என்ற ஒருமையே இல்லை. எங்கள், எங்களுக்கு, எங்களை. தனியாக நின்று சொன்னாலும் பன்மையில்தான் சொல்லவேண்டும். இரண்டு வரிசை தள்ளி ஒரு கிழவர் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மெய் சிலிர்த்தது. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் மகள் கிருபா பிறந்தது இலையுதிர் காலத்தில். ஞானஸ்நானத்துக்காக இங்குள்ள குருவானவரிடம் பேசினேன். அவர் ஒரு பெண். (பொம்பள ஐயரா என்று அம்மா வாயைப் பிளந்ததைத் தனியாகவே எழுதலாம்.) அவர் அன்பாகத்தான் சொன்னார். பிள்ளையை ஏந்தி நிற்க ஞானப்பெற்றோர் ஒருவராவது வேண்டும், அவர் ஏதாவது ஒரு சபையின் பதிவில் உள்ளவராக இருக்கவேண்டும், பிள்ளை வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவராக இருந்தால் நல்லது. உங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

யாரும் இல்லை. என் கணவர் டேனியல் வாசுதேவநல்லூர்க்காரர், இங்கே பார்சல் கிடங்கில் வேலை. யாரையாவது கேட்டுப் பார்ப்போமே என்றார் அவர். யாரைக் கேட்கச் சொல்லுதீங்க, பஸ் டிரைவரயா என்று நான் எரிந்து விழுந்தேன். பஸ் டிரைவர் நல்ல மனுசன்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

அம்மாவிடம் விஷயத்தை மறைக்க முடியவில்லை. கைபேசியில் முகத்தை மிக அருகில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எப்சி, இம்புட்டுப் படிச்சி, இம்புட்டுத் தூரம் போயிருக்க. பிள்ளைய ஏந்துததுக்கு ஒரு ஆளு இல்லன்னா சொல்லுத?"

அது சும்மா சொன்ன சொல் இல்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்த வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. தேவன் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கமாட்டார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அம்மாவுக்கோ அது இன்னமும் கோயில் வாசலிலேயே நிற்கிற பிள்ளை. அதனால் கிருபா இருமினால்கூட அங்கே அவளுக்குத் தூக்கம் வராது. ஊருக்கு வந்து செய்யலாம் என்றால் குழந்தையின் பாஸ்போர்ட், என் விடுப்பு, அவருடைய விசா என்று எல்லாம் சேர்ந்து அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். யாரையும் கேட்பதில்லை. இப்போதைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்று குருவானவரிடம் சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன்.

3

மாசி மாதக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் குருவானவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். கிருபாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனால், கோயிலுக்குப் பக்கத்தில் போகும்போதே மணி அடிக்கிறது. விடாமல் அடிக்கிறது.

எங்கள் ஊரில் கிழமை நாளில் பகலில் மணி அடித்தால் மூன்றில் ஒன்று. சாவு, கல்யாணம், இல்லையென்றால் பண்டிகை. சாவுக்கு அடிப்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்று அடித்து, அது ஓய்ந்து அடங்கிய பிறகுதான் அடுத்தது. இது அப்படி இல்லை. கணீர் கணீர் என்று தொடர்ந்து அடித்தது. சந்தோஷ மணி என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலை ஒட்டி ஒரு சபைக் கூடம் உண்டு. ஆட்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்பு உடுப்புதான், ஆனால் குளிர்காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் எப்போதும் கறுப்பில்தானே இருக்கிறார்கள். கதவருகே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். தள்ளுவண்டியைப் பார்த்ததும் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்து, உள்ளே வாருங்கள், குளிர்கிறது என்றாள்.

உள்ளே நீள மேசைகள். வெள்ளை விரிப்பு. வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுட்ட தட்டையான கேக், ரொட்டித் துண்டுகள், குடுவை குடுவையாகக் காபி. ஒரு மேசையில் முதிய பெண் ஒருத்தியின் படம், முன்னால் மெழுகுவர்த்தி. எங்கள் ஊரிலும் அசனத்துக்கு அரிசி கொடுத்த குடும்பம் தங்கள் வீட்டில் இறந்தவர் படத்தை வைப்பதுண்டு. நினைவு நாள் விருந்து போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். எத்தனை மாதமாக ஆராதனை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியவர்கள், இன்றைக்காவது சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று மனம் நிறைந்துபோயிற்று. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது.

அப்புறம் செய்ததுதான் பெரிது. யாரும் பரிமாறவில்லை. கிழவர்கள் காலிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, தூரத்துக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசனத்தில் பெரியவர்கள் இலை காலியாக இருக்க, இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளைப் பெற்றவளைத்தான் கேட்பார்கள். கிருபா வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். காபிக் குடுவையைக் கையில் எடுத்தேன். மேசை மேசையாகப் போய் ஊற்றினேன். கேக் தட்டைக் கொண்டுபோய் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினேன். வேண்டாம் என்றவர் தட்டிலும் வைத்தேன். அவர்கள் முகத்தில் ஒரு திகைப்பு, அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. ஒரு கிழவர் மூன்றாவது கோப்பை கேட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தைக் காட்டி, ஹில்டே எனக்கு எப்படிப் பழக்கம் என்றார்.

எனக்கு அவரைத் தெரியாது, சாப்பாட்டுக்கு வந்தேன் என்றேன். என் ஜெர்மனில் ஒரு பிழையும் இல்லை.

கிழவர் காபியை வாயில் வைத்தவர் புரைக்கேறி இருமினார். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. இது சொந்தக்காரர்களுக்கான துக்கக் காபி என்று அங்கிருந்து ஒருத்தி மெல்லச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் உள்ள பெண்ணைச் சற்று முன்புதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். வெளியே அடித்ததும் சாவு மணிதான். இது அந்தக் குடும்பம் தனக்கு வேண்டியவர்களை மட்டும் அழைத்துக் கொடுக்கிற காபி. சபைக்கூடம் வாடகைக்கு எடுத்தது. யாரோ ஒருத்தியின் சாவு வீட்டில் அழைக்காமல் போய் உட்கார்ந்து, வயிறாரத் தின்று, வீட்டுக்காரி மாதிரி உபசாரமும் செய்திருக்கிறேன்.

தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு அதைவிட அவமானம் இல்லை. காது இரண்டும் எரிந்தன. ஓடிப்போயிருப்பேன். ஆனால் மன்னிப்புக் கேட்காமல் போவது அதைவிடக் கேவலம். இறந்தவரின் வீட்டார் யார் என்று கேட்டேன். கதவைத் திறந்து பிடித்த பெண்ணைக் காட்டினார்கள்.

4

அவள் பெயர் ஹைக்கே. பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவள் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எங்கள் ஊரில் கோயிலில் சாப்பாடு இருந்தால் அது எல்லாருக்கும், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டேன், உங்கள் துக்கத்தில் புகுந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அம்மாவின் வீட்டுக்கு வந்துபோன செவிலியர் என்றல்லவா நினைத்தேன் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கள். இன்று யாருக்காவது இன்னும் வேண்டுமா என்று கேட்டது நீங்கள் ஒருத்திதான். நான் மகள், எனக்கே தோன்றவில்லை."

அசனத்தைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். புரைக்கேறிய கிழவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். அவர் ஹில்டேயின் தம்பி. டிக்கெட் கிடையாதா என்று கேட்டார். கிடையாது. எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படித் தெரியும்? தெரியாது. பிறகு எப்படிச் சமைப்பீர்கள்? நிறையச் சமைப்போம். கிழவர் ஹைக்கேயைப் பார்த்தார். ஹில்டே இருந்தால் இது ஒழுங்கில்லாத காரியம் என்று சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பாள் என்றார். ஹைக்கே சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுகிறாள் என்று கிழவர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

நான் தேவனுடைய வேலையைப் பார்த்துப் பிரமித்த தருணங்கள் என் வாழ்க்கையில் உண்டு. ஆஸ்பத்திரியில் மூச்சு நின்ற குழந்தை திரும்ப அழுததைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காபி மேசையில் உட்கார்ந்திருந்தபோது வந்த பிரமிப்பு வேறு. என் முட்டாள்தனத்தைக்கூட அவர் வீணாக்கவில்லை. ஊரையும் இனத்தையும் மொழியையும் தாண்டி, முன்பின் தெரியாத ஒருத்தியின் துக்கத்துக்குள் என்னை ஒரு காபிக் குடுவையோடு அனுப்பியிருக்கிறார்.

அந்த நிறைவில்தான் என் பிடிவாதம் எங்கேயோ கழன்று விழுந்தது. வாழ்க்கையில் நான் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது என்றே நினைக்கிறேன். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும், ஏந்துவதற்கு ஆள் இல்லை, நீங்கள் அவளுக்கு ஞானத்தாயாக நிற்பீர்களா என்றேன்.

ஹைக்கேயின் முகம் மாறிவிட்டது. வண்டியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால் முடியாது. நான் சபையில் இல்லை. இருபது வயதில் போய்க் கையெழுத்துப் போட்டு என் பெயரை எடுத்துவிட்டேன்."

அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் ஊரில் கோயிலோடு சண்டை போடுவார்கள். வருடக்கணக்கில் வராமல் இருப்பார்கள். வேறு சபைக்குப் போவார்கள். ஆனால் அரசாங்க அலுவலகத்தில் போய் நின்று, என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஓர் இடம் உண்டு என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வரிக்காகவா என்று கேட்டேன். இல்லை, அப்பாவோடு கோபம் என்றாள். அப்பா சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவராக இருந்தவராம். அம்மா அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

"இன்று என் அம்மாவின் அடக்க ஆராதனையில் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

5

அவளுக்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஊரில் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

தேவசகாயம் சித்தப்பா கட்டிய மனைவியை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்தார். சபை கூடியது. ஐயர் ஒரு ஞாயிறு பீடத்தில் நின்று, தேவசகாயம் சபையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று வாசித்தார். பீடத்தில் அப்பமும் இரசமும் வாங்கும் திருவிருந்து கிடையாது, கோயில் காரியங்களில் பங்கு கிடையாது. சித்தி பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் சபையில் தப்பே நடக்காது, சண்டையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வருட அசனத்தில் பந்தி முடிந்ததும், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குச் சோறு எடுத்தார்கள். அம்மா என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து நிற்கச் சொன்னாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சோற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் ஐயரே கரண்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். நிறையப் போட்டார். பிறகு குழம்பு ஊற்ற வந்தவரைத் தடுத்து, தன் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பாத்திரம் கொண்டுவரச் சொன்னார்.

"தேவசகாயத்துக்குக் குழம்பத் தனியா ஊத்துங்க. அவம் வீடு தூரம், போய்ச் சேருததுக்குள்ள சோறு ஊறிப்போவும்."

நான் இரண்டு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். சித்தப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசித்த வாயும் அதுதான், அள்ளிப் போட்ட கையும் அதுதான். அந்த வயதில் எனக்கு அது வெறும் சோறு. இன்று நினைத்தால் இருதயம் நடுங்குகிறது. பெயரை எடுத்த பிறகும் பங்கை எடுக்காத ஒரு வீடு இந்த உலகத்தில் இருக்கிறது. அதில்தான் நான் பிறந்து வளர்ந்திருக்கிறேன்.

ஹைக்கே கேட்டாள், அவர் திரும்பி வந்தாரா என்று. வரவில்லை. அந்த வீட்டிலேயே இறந்தார். ஒவ்வொரு வருடமும் சோறு போனது.

நான் கிளம்பும்போது அவள் ஒரு பெரிய கேக் துண்டைத் தாளில் சுற்றி வண்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

6

அன்று குருவானவரிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஹைக்கேயைப் பதிவில் ஞானத்தாய் என்று எழுத முடியாது, அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆனால் தாயும் தகப்பனும் சபையில் இருப்பதால், மூப்பர்களிடம் பேசி, அந்த இடத்தை வெறுமையாக விட்டே ஞானஸ்நானம் கொடுக்க அனுமதி வாங்கலாம் என்றார். வாங்கியும் கொடுத்தார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆள் இல்லாமல் ஞானஸ்நானமா, அதற்கு அடுத்த வருடம் வரை பொறுக்கலாமே என்றாள். பொறுக்க அவளால் முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். கடைசியில், போனைப் பிடித்து எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று மருமகனிடம் கேட்டுக்கொண்டாள்.

ஈஸ்டருக்குப் பின் ஒரு ஞாயிறு. வழக்கமான நரைத்த தலைகள், வழக்கமான இடைவெளிகள். ஹைக்கேயின் மாமா, அந்தப் புரைக்கேறிய கிழவர், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கிருபாவுக்குக் கண்ணைச் சிமிட்டினார். ஹைக்கே வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாட்டு தொடங்கிய பிறகு வந்து, கதவை ஒட்டிய கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் நானும் டேனியலும் நின்றோம். டேனியல் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் அம்மா, ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், தலையில் முக்காடோடு. குருவானவர், இந்தக் குழந்தையைக் கொண்டுவருகிறவர்கள் யார் என்று கேட்டார். எங்கள் ஊர் முறைமையில் இந்த இடத்தில் பெற்றவள் பிள்ளையை வைத்திருக்கமாட்டாள். ஞானத்தாய் ஏந்திக்கொண்டு வருவாள். ஐயர் பெயரைக் கேட்பார், ஏந்தியிருப்பவள்தான் சொல்லவேண்டும். என் கையிலேயே பிள்ளை இருந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

நான் திரும்பினேன். இந்த நாட்டில் ஆராதனை நடுவில் யாரும் நடக்கமாட்டார்கள். நான் நடந்தேன். கோயில் முழுவதும் என் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் போய் நின்றேன்.

"இவளை நீங்கள் கொண்டுவாருங்கள்" என்றேன்.

"எனக்கு அனுமதி இல்லை" என்றாள் ஹைக்கே, உதடு மட்டும் அசைய.

"எழுதுவதற்குத்தான் இல்லை. தூக்குவதற்கு இருக்கிறது."

குருவானவரைப் பார்த்தாள். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போலக் காத்திருந்தார். ஹைக்கே எழுந்தாள். கோட்டைக் கழற்றி வரிசையில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கிப் பழகாதவர்கள் எல்லாரையும்போல, இரண்டு கைகளையும் ரொம்ப முன்னால் நீட்டி வாங்கினாள். பிறகு நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நாங்கள் அந்த நீண்ட நடையில் முன்னே வந்தோம். வரிசை வரிசையாக நரைத்த தலைகள் திரும்பின. சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. இங்கே அப்படி ஒரு முறைமை இல்லை.

குருவானவர் ஹைக்கேயைப் பார்த்து, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார்.

அவள் தாடையிலிருந்து ஒரு சொட்டு கண்ணீர் பிள்ளையின் துணியில் விழுந்தது. பிறகு தன் நாக்கில் வந்தபடி, தெளிவாக, "க்ரூபா" என்றாள்.

அப்போது டேனியலின் கையிலிருந்து அம்மாவின் குரல் கோயில் முழுவதும் கேட்டது. வயல்காட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"எப்சி, பிள்ளைய ஏந்திருக்கது யாருட்டி? நம்ம சபையா?"

"ஆமாம்மா" என்றேன். "நம்ம சபைதான்."

குருவானவர் தண்ணீரில் கையை வைத்தார்.